மலையில் மழை ஓயும் காலம்: நீலகிரி, பழனி மலைகளில் ஐப்பசி முதல் தை வரை வானிலையைக் கண்காணிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சமவெளியில் பருவமழை முடிந்த நாளை ஒருவாறு குறித்துச் சொல்லிவிடலாம். மலையில் அது இயலாது. கோத்தகிரியில் தூறல் விடாமல் விழுந்துகொண்டிருக்கும் அதே காலைப்பொழுதில், தொட்டபெட்டாவுக்கு மேற்கே எமரால்டு பக்கம் நல்ல வெயில் அடித்துக்கொண்டிருப்பது கார்த்திகை மாதத்தில் சாதாரணமாகக் காணக்கூடிய காட்சி. மலையில் மழை ஊருக்கு ஊர் ஓய்வதில்லை, சரிவுக்குச் சரிவு ஓய்கிறது. இதை மனத்தில் வாங்கிக்கொள்ளாமல் தொலைக்காட்சியில் மாவட்டத்தின் பெயரை மட்டும் கேட்டுவிட்டு முடிவெடுப்பவர்கள், விதைப்பிலும் பயணத்திலும் மீண்டும் மீண்டும் ஏமாறுகிறார்கள்.

பழந்தமிழ் இலக்கணம் குறிஞ்சி நிலத்துக்குக் கூதிரையும் முன்பனியையும் உரிய பெரும்பொழுதுகளாக வகுத்திருக்கிறது. கூதிர் என்பது ஐப்பசி, கார்த்திகை; முன்பனி என்பது மார்கழி, தை. இந்த வழிகாட்டியின் பொருளும் அந்த நான்கு மாதங்கள்தான். மலையில் பயிர் செய்வோர், மலைப்பாதையில் அன்றாடம் போய்வருவோர், மலையேற்றத்துக்குத் திட்டமிடுவோர் ஆகியோர் தாமே பார்த்து முடிவெடுக்கும் அளவுக்குத் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: உங்கள் சரிவு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அறிதல்

ஈரக்காற்று மலையில் மோதி மேலேறும்போது குளிர்ந்து மழையாகிறது. மலையைத் தாண்டி மறுபக்கம் இறங்கும்போது வெப்பமடைந்து வறண்டுவிடுகிறது. ஆகவே ஒரே மலைக்கு இரண்டு மழைக்காலங்கள் உண்டு. நீலகிரியின் மேற்குப் பக்கத்திலுள்ள கூடலூர், பந்தலூர், தேவாலா, அவலாஞ்சி, மேல்பவானி ஆகியவை தென்மேற்குப் பருவமழையின் வீடு. 2019 ஆகஸ்ட் 8 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் அவலாஞ்சியில் 82 செ.மீ. மழை பதிவானது. குன்னூர், கோத்தகிரி, பர்லியார் முதலான கிழக்குச் சரிவுகளுக்கோ வடகிழக்குப் பருவமே முதன்மையானது. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி பகுதிகளை உலுக்கி நாற்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட நிலச்சரிவுகள் இந்தக் கிழக்குப் பருவத்தின் விளைவு. மாவட்டம் ஒன்றுதான், ஆனால் ஆபத்துக்குரிய மாதங்கள் வெவ்வேறு.

பழனி மலைத்தொடர் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து பிரிந்து கிழக்கு நோக்கி நீண்டிருப்பதால், வங்கக் கடலிலிருந்து வரும் காற்று தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துச் சரிவுகளில்தான் முதலில் மோதுகிறது. கொடைக்கானல் நகரம் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் மலையின் தென்விளிம்பில் இருப்பதால், கீழிருந்து ஏறிவரும் மேகம் அங்கே நிமிடங்களில் தெருவை மூடிவிடும்.

நீங்கள் செய்ய வேண்டியது எளியது. உங்கள் வீட்டு வாசலிலோ தோட்டத்திலோ நின்று கிழக்கு எது என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். அந்தத் திசையில் உங்களைவிட உயரமான முகடு இருந்தால் வடகிழக்கு மழை உங்களுக்குக் குறைவாகவும் விரைவில் ஓய்வதாகவும் இருக்கும். திறந்த பள்ளத்தாக்கு இருந்தால் மார்கழி வரை குடையை எடுத்து வைக்க வேண்டாம்.

இரண்டாம் படி: காற்று திசை மாறுவதைக் கவனித்தல்

நம் முன்னோர் காற்றுக்குத் திசையை வைத்தே பெயரிட்டார்கள்: கிழக்கிலிருந்து வருவது கொண்டல், வடக்கிலிருந்து வருவது வாடை, மேற்கிலிருந்து வருவது கோடை, தெற்கிலிருந்து வருவது தென்றல். பருவமழை ஓய்வதை அறிய இந்த நான்கில் முதல் இரண்டையும் பிரித்தறிந்தால் போதும். கொண்டல் கடல் மீது நெடுந்தூரம் வந்து ஈரத்தைச் சுமந்துவருகிறது. சூரியன் தெற்கே நகர, அதைத் தொடர்ந்து மேகக்கூட்டங்களின் பட்டையும் நிலநடுக்கோட்டை நோக்கி இறங்க, கடற்காற்றின் இடத்தை நிலத்தின் மீது வரும் வறண்ட வாடை பிடித்துக்கொள்கிறது. மழை ஓய்வது என்பது இந்த இடமாற்றம்தான்.

இந்த மாற்றம் ஒரே நாளில் நிகழ்வதில்லை. முதலில் நாள் முழுவதும் நின்ற சாம்பல்நிற மேகப் போர்வை கிழிந்து, காலை பத்து மணிக்கு மேல் தனித்தனிப் பஞ்சுப் பொதிகளாக மேகங்கள் தோன்றும். சில நாள்களில் அவையும் உயரம் குறைந்து, மேல்பகுதி தட்டையாகிவிடும். இறுதியில் நண்பகலிலும் வானம் கருநீலமாக நிற்கும். மேகத்தின் தலை தட்டையாவதை முக்கியமான அறிகுறியாகக் கொள்ளுங்கள். மேலே இறங்கிவரும் வறண்ட காற்று ஒரு மூடிபோல் அமர்ந்து மேகத்தை வளரவிடாமல் தடுக்கிறது என்பதே அதன் பொருள்.

நாள்காட்டியை மட்டும் நம்ப வேண்டாம். இந்திய வானிலை ஆய்வு மையம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழையை வடகிழக்குப் பருவக் கணக்கில் சேர்க்கிறது. ஆனால் சில ஆண்டுகளில் பொங்கல் நெருங்கும்வரை மழை நீடிப்பதுண்டு. ‘கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை’ என்ற பழமொழி பெரும்பாலான ஆண்டுகளுக்குப் பொருந்துகிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் 2023-இல் மார்கழி பிறந்த டிசம்பர் 17 அன்று தென்மாவட்டங்களில் தொடங்கிய பேய்மழையில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது, மாஞ்சோலை மலையின் ஊத்து, நாலுமுக்கு போன்ற எஸ்டேட்டுகளும் அதே மழையில் நனைந்தன. வாடை வீசத் தொடங்கிய பிறகும், குமரிக்கடல் பக்கம் ஒரு சுழற்சி உருவானால் கொண்டல் மீண்டும் சில நாள் திரும்பி வரும். தொடர்ந்து ஏழெட்டு நாள் வாடை நிலைத்த பிறகே மழை ஓய்ந்ததாகக் கொள்வது என் வழக்கம்.

மூன்றாம் படி: ஒரு நாளை நான்காகப் பிரித்துப் பார்த்தல்

பருவம் ஓயும் வாரங்களில் மலை வானிலை நாளுக்கு நாள் மாறுவதைவிட மணிக்கு மணி மாறுவதே அதிகம். பகலில் வெயில்பட்ட சரிவு சூடாகி, காற்று பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி ஏறும். இரவில் சரிவு குளிர்ந்து, கனமான குளிர்காற்று தண்ணீரைப்போலப் பள்ளம் நோக்கி வழிந்திறங்கும். மற்ற எல்லாவற்றையும் இந்த ஏற்ற இறக்கத்தின் மீது பொருத்திப் பார்க்க வேண்டும்.

விடியலில் கீழே பாருங்கள். பள்ளத்தாக்கை நிரப்பிக்கொண்டு வெள்ளை மேகக் கடல் கிடந்தால், கீழே குளிர்காற்றும் மேலே இளஞ்சூடான காற்றும் அடுக்காகத் தங்கியிருக்கின்றன என்று பொருள். அந்த மேகக் கடலின் மேல்மட்டம் எந்தப் பாறைக்கு, எந்த வளைவுக்கு நேராக நிற்கிறது என்று அடையாளம் வைத்துக்கொண்டு, காலை பத்து மணிக்கு மீண்டும் பாருங்கள். ஓரங்களிலிருந்து கரைந்து மறைந்தால் அன்று மாலை வரை வெயில்தான். கரையாமல் மட்டம் உயர்ந்து உங்களை நோக்கி ஏறிவந்தால், காற்றில் ஈரம் மிச்சமிருக்கிறது. பிற்பகல் இரண்டு மணிக்குள் மூடுபனியோ தூறலோ நிச்சயம். பல பருவங்களாக நான் பார்த்துவரும் அறிகுறிகளில், கைப்பேசியைவிட அதிக முறை சரியாகச் சொன்னது இதுவே.

இடி மின்னல் பெரும்பாலும் பருவத்தின் தொடக்கத்துக்கு, அதாவது தென்மேற்குக் காற்று ஓய்ந்து கொண்டல் நிலைபெறாத ஐப்பசிப் பிற்பகல்களுக்கு உரியது. மின்னலுக்கும் இடிக்கும் இடையிலுள்ள நொடிகளை மூன்றால் வகுத்தால் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். முப்பது நொடிக்குள் இடி கேட்டால் முகட்டையும் தனிமரத்தையும் விட்டுக் கட்டடத்துக்குள்ளோ மூடிய வாகனத்துக்குள்ளோ செல்லுங்கள். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழியாமல் வெளியே வர வேண்டாம்.

நான்காம் படி: மூன்று கருவிகளும் ஒரு குறிப்பேடும்

மிகக் குறைந்த, மிக உயர்ந்த வெப்பநிலையைக் காட்டும் வெப்பமானி, மழைமானி, காற்றழுத்தமானி ஆகிய மூன்றும் போதும். மழையை நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளந்தால், வானிலை ஆய்வு மையத்தின் அளவுகளோடு நேராக ஒப்பிடலாம்.

காற்றழுத்தமானியில்தான் பலர் தவறு செய்கிறார்கள். நம் வெப்பமண்டலப் பகுதியில் காற்றழுத்தம் கடலின் ஏற்றவற்றம்போல் நாள்தோறும் இருமுறை ஏறி இறங்குகிறது. காலை பத்து மணியளவிலும் இரவு பத்து மணியளவிலும் உச்சம். அதிகாலை நான்கு, மாலை நான்கு மணியளவில் தாழ்வு. இந்த வேறுபாடு 2 முதல் 3 ஹெக்டோபாஸ்கல் வரை இருக்கும். உயரம் காட்டும் கைக்கடிகாரம் வைத்திருப்பவர்கள், ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும்போதே மாலையில் இருபது, முப்பது மீட்டர் ஏறிவிட்டதாகக் கடிகாரம் காட்டுவதைப் பார்த்திருப்பார்கள். மாலையில் முள் இறங்குவதைக் கண்டு புயல் வருகிறது என்று அஞ்ச வேண்டாம். இன்று காலை பத்து மணி அளவை நேற்றுக் காலை பத்து மணி அளவோடு மட்டும் ஒப்பிடுங்கள். அதில் 2, 3 ஹெக்டோபாஸ்கல் குறைந்திருந்தால் வங்கக் கடலில் என்ன நடக்கிறது என்று உடனே பார்ப்பது நல்லது.

ஐந்தாம் படி: உறைபனி இரவை மாலையிலேயே கணித்தல்

மழை விட்டதும் மலைவாழ் உழவருக்கு அடுத்த கவலை தொடங்கிவிடுகிறது. பயிரைக் காத்துவந்த மேகப் போர்வை விலகிவிட்டது. பகலில் வாங்கிய வெப்பத்தை நிலம் இரவில் நேரே வானத்துக்கு இழக்கிறது. ‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்று சொல்லிவைத்தவர்கள் இதை அனுபவித்தே அறிந்திருக்கிறார்கள்.

நீலகிரியில் முதலில் வருவது நீர்ப்பனி. புல்லின் மீது நீர்த்துளியாகவே நிற்கும். பின்னரே உறைபனி. மழை நின்ற மறுநாள் இரவே உறைபனி விழுவது அரிது. நனைந்த மண் வெப்பத்தை நன்றாகத் தேக்கிவைத்திருப்பதும், காற்றிலுள்ள ஈரம் பனித்துளியாகும்போது வெப்பத்தை வெளியிடுவதும் அதற்குக் காரணம். நிலத்தின் மேற்பரப்பு காய்ந்த மூன்றாவது, நான்காவது தெளிந்த இரவில்தான் ஆபத்து மிகும். மழை விட்ட உடனே பதறி, இரண்டு நாள் பனி விழாததைக் கண்டு அசந்துவிடுபவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

மாலை ஆறு மணிக்கு நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். வானம் முழுவதும் தெளிவாக இருக்கிறதா? புகை நேராக மேலே எழும் அளவுக்குக் காற்று அடங்கியிருக்கிறதா? பனிநிலை வெப்பம், அதாவது காற்றின் ஈரம் பனித்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை, 3 அல்லது 4 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டதா? மண் மேலே காய்ந்திருக்கிறதா? நான்குக்கும் ஆம் என்றால் பயிரை மூடுங்கள். காற்று மட்டும் வீசிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம், ஏனெனில் அது மேலேயுள்ள சூடான காற்றைக் கீழே கலந்துவிடுகிறது.

வெப்பமானியை எங்கே வைக்கிறீர்கள் என்பது மிக முக்கியம். ஒரு தை மாத விடியலில் உதகைக்கு அருகே ஒரு காய்கறித் தோட்டத்தில், ஒரே மாதிரியான இரண்டு வெப்பமானிகளில் ஒன்றை வீட்டுத் தாழ்வாரத்தில் நெஞ்சுயரத்திலும் மற்றொன்றைப் புல்லின் மீதும் வைத்துப் பார்த்தேன். தாழ்வாரத்தில் இருந்தது 4 டிகிரி காட்டியது. புல்லின் மீது இருந்ததை எடுக்கக் குனிந்தபோது, அதன் கண்ணாடியில் உப்பைத் தூவியதுபோல் வெண்மை படிந்திருந்தது. விரலால் துடைத்துப் பார்த்தால் அளவு சுழியத்துக்குக் கீழே நின்றது. பக்கத்தில் உருளைக்கிழங்கு இலையின் ஓரங்களில் மட்டும் ஊசி ஊசியாகப் பனி நின்றது. நடுநரம்பு இன்னும் பச்சையாக இருந்தது. வெயில் ஏறிய ஒரு மணி நேரத்தில் அந்த ஓரங்கள் வெந்த கீரைபோலத் தொய்ந்து, மறுநாள் கருகிப்போயின. செய்தியில் சொல்லப்படும் வெப்பநிலை நெஞ்சுயரத்தில் அளந்தது. பயிர் படும் குளிர் அதைவிட மூன்று முதல் ஐந்து டிகிரி வரை குறைவாக இருக்கக்கூடும்.

இடமும் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. குளிர்காற்று வழிந்து தேங்கும் தாழ்வான இடங்களில்தான் உறைபனி முதலில் விழும். உதகையில் காந்தல், தலைகுந்தா, தாவரவியல் பூங்காப் புல்வெளி, குதிரைப் பந்தய மைதானம் ஆகியவை ஆண்டுதோறும் முதலில் வெளுக்கின்றன. அவற்றுக்கு நூறு மீட்டர் மேலேயுள்ள சரிவு பச்சையாகவே இருக்கும். உங்கள் நிலத்தின் கீழ்வரப்பில் அடர்ந்த வேலியோ சுவரோ இருந்தால், அது அணைபோல் குளிர்காற்றைத் தேக்கிவிடும். பனிக்காலத்துக்கு முன்பே அதில் ஓரிரு திறப்புகளை விடுங்கள்.

பாதுகாப்பு முறைகளில் பயனுள்ளவை இரண்டே. ஒன்று, சூரியன் மறையும் முன்பே மூடுதல். இளம் தேயிலைச் செடிகளைத் தாகை என்னும் பெரணிவகைச் செடியின் இலைகளால் மூடுவது மலையில் நெடுநாள் வழக்கம். வைக்கோலும் தென்னங்கீற்றும்கூட உதவும். இருட்டிய பிறகு மூடினால் நிலத்தின் வெப்பம் பாதி போயிருக்கும். மற்றொன்று, தெளிப்பான் மூலம் நீர் பாய்ச்சுதல். நீர் உறையும்போது வெளியிடும் வெப்பம் இலையைக் காக்கிறது. எனவே வெப்பம் சுழியத்தை எட்டும் முன்பே தொடங்கி, வெயில் வந்து பனி உருகும்வரை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். பாதியில் நிறுத்துவது தொடங்காமல் இருப்பதைவிடக் கெடுதல். புகை போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நிலம் இழக்கும் வெப்பத்தைப் புகை தடுப்பதில்லை, கண்ணும் நெஞ்சும் எரிவதுதான் மிச்சம்.

தேயிலையில், காலை வெயில் முதலில் விழும் கிழக்குமுகத் தோட்டங்களில் கருகல் கூடுதலாகத் தெரியும். அங்கே சில்வர் ஓக் நிழல் மரங்களை மழைக்காலம் முடியும் தறுவாயில் அளவுக்கு மீறிக் கவாத்து செய்துவிட வேண்டாம்.

ஆறாம் படி: முன்னறிவிப்பை மலைக்கேற்ப மாற்றிப் படித்தல்

வானிலை ஆய்வு மையத்தின் சொற்களுக்கு அளவுகள் உண்டு. கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ., மிகக் கனமழை என்றால் 12 முதல் 20 செ.மீ., அதிகனமழை என்றால் 21 செ.மீ.க்கு மேல். ‘ஓரிரு இடங்களில் கனமழை’ என்று மாவட்டத்துக்குச் சொல்லப்பட்டால், அந்த ஓரிரு இடம் பெரும்பாலும் காற்றை நேரே எதிர்கொள்ளும் சரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெப்பநிலைக்கு, ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு 6.5 டிகிரி குறையும் என்ற பொதுக்கணக்கைப் பகலில் பயன்படுத்தலாம். கோயம்புத்தூருக்கும் உதகைக்கும் இடையில் சுமார் 1,800 மீட்டர் உயர வேறுபாடு இருப்பதால் பகலில் ஏறத்தாழ 12 டிகிரி குறையும். தெளிந்த இரவில் இந்தக் கணக்கு செல்லாது. பள்ளம் முகட்டைவிடக் குளிர்ந்துவிடும். கைப்பேசிச் செயலிகள் பல கிலோமீட்டர் அகலக் கட்டங்களின் சராசரியைத் தருவதால் அந்தப் பள்ளமே அவற்றின் கண்ணில் படுவதில்லை.

ஏழாம் படி: முதல் வெயில் நாளில் மலைப்பாதையை நம்பாதிருத்தல்

மழை நின்றாலும் மலை நிற்பதில்லை. மேலே ஊறிய நீர் மண்ணுக்குள் கீழே இறங்கிக்கொண்டே இருப்பதால், வெயில் வந்து ஓரிரு நாள் கழித்தும் சரிவு பெயரக்கூடும். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின் மழையில் ஏற்காடு மலைப்பாதை சிதைந்தது. டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலை மலைச்சரிவில் மண் சரிந்து ஒரு வீட்டில் இருந்த ஏழு பேர் இறந்தனர். பருவத்தின் பின்பகுதியில் மண் ஏற்கெனவே நீரைக் குடித்து நிறைந்திருப்பதால், ஐப்பசியில் தாங்கிய அதே அளவு மழையைக் கார்த்திகைக் கடைசியில் சரிவு தாங்குவதில்லை.

சாலைக்கு மேலேயுள்ள மண்ணில் புதிய வெடிப்பு, முன்பு நேராக நின்ற மரமோ மின்கம்பமோ சாய்ந்திருப்பது, தெளிவாக ஓடிய ஊற்று திடீரெனச் செம்மண் கலங்கலாக வருவது, ஓடிக்கொண்டிருந்த ஓடை காரணமின்றி வற்றுவது ஆகிய நான்கில் எதைக் கண்டாலும் அந்த இடத்தை விட்டு விலகி, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். ஓடை வற்றுவதை நல்ல செய்தி என்று நினைக்க வேண்டாம். மேலே எங்கோ மண் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். மேட்டுப்பாளையம்–உதகை மலை ரயில் இந்த மாதங்களில் அடிக்கடி நிறுத்தப்படுவதும் மண்ணும் பாறையும் தண்டவாளத்தில் விழுவதால்தான். இரயிலை நிறுத்திய நாளில் அதே மலையின் சாலையில் இரவில் பயணம் செய்யாதிருப்பது நல்லது.

எட்டாம் படி: புல் நிறம் மாறும் நாளைக் குறித்தல்

தை நடுவில் வாடை நிலைத்து, உறைபனி சில முறை விழுந்த பிறகு, மேட்டுப் புல்வெளிகள் பச்சையிலிருந்து வைக்கோல் நிறத்துக்கு மாறும். அது மழைக்காலத்தின் உண்மையான முடிவு. அன்றிலிருந்து காட்டுத்தீக்காலம் தொடங்குகிறது, ஏனெனில் பனியில் கருகிய புல் உடனே பற்றக்கூடியது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றம் சென்றவர்கள் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தது இப்படிக் காய்ந்த புல்சரிவில்தான். எனவே மாசி, பங்குனியில் மலையேற நினைப்பவர்கள் வனத்துறையின் அனுமதி இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், கடைசி மழை பெய்து எத்தனை நாள் ஆயிற்று, அன்று பிற்பகல் காற்று சரிவின் மேல்நோக்கி எவ்வளவு வேகமாக ஏறும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். தீயும் காற்றோடு சேர்ந்து மேல்நோக்கித்தான் ஓடும். ஆகையால் புகை தெரிந்தால் முகட்டை நோக்கி ஏறாமல், தீயின் பக்கவாட்டில் விலகி, புல் இல்லாத பாறைப்பரப்பையோ ஏற்கெனவே எரிந்து முடிந்த இடத்தையோ அடையுங்கள்.